உறை மாற்றிய பற்றறி

சட்டன் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டின் சீலிங்கைப் பொத்துக்கொண்டு கிளறிற்றாவின் வலது கால் தொடை வரைக்கும் கீழே இறங்கியது. கீழே படுக்கையறையில் வீட்டுக்கார அம்மா துணிகளை அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றார். அவர் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் சாந்துக்கட்டியும் கரித்தூசியும் மழையாகக் கொட்டின.

"ஏணி ஒன்று இருக்கிறதே, அதால் இறங்கக்கூடாதா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டது மேலே கூரைக்குள் மாட்டுப்பட்டிருந்த கிளறிற்றாவுக்குத் தெளிவாகக் கேட்டது. பகிடியாகத்தான் கேட்டார். தொங்கிய காலிலிருந்து இரத்தம் வழியத் தொடங்கியதும் பகிடி நின்றுபோனது. "அசையாதே பிள்ளை, ஆளைக் கூப்பிடுகிறேன்" என்று அவர் படிகளில் ஓடுகிற சத்தம் கேட்டது.

கும்மிருட்டு. கையில் பிடித்திருந்த ரோச் விளக்கு செத்துக் கிடந்தது. அது ஏன் நின்றது என்பதைத் தவிர வேறு எதையும் கிளறிற்றாவால் அப்போது நினைக்க முடியவில்லை.

அவளுடைய வேலையே வீடுகளின் கூரைக்குள் ஏறிப் பார்ப்பதுதான். லொஃப்ட் என்று சொல்லும் அந்த இடத்தில் குளிர் தாங்குவதற்குக் கம்பளி மாதிரி ஒன்றை விரிப்பதற்கு முன்னர், மரச்சட்டங்கள் உக்கியிருக்கின்றனவா, ஓட்டுக்குள்ளால் தண்ணீர் இறங்குகிறதா, வயர்களை எலி கடித்திருக்கிறதா என்று ஒருவர் போய்ப் பார்த்துச் சொல்லவேண்டும். வெளியே நல்ல வெயில் அடித்தாலும் உள்ளே இருட்டுத்தான். சட்டத்துக்குச் சட்டம் கால் வைத்து நடக்கவேண்டும். இடையில் வைத்தால் கீழே நிற்கிற வீட்டுக்காரரின் தலைக்கு மேல் இறங்கவேண்டியதுதான்.

இந்த வேலைக்கு நிறுவனம் கொடுத்திருந்த ரோச்சின் வெளிச்சம் நீலம் பாரித்த வெளிச்சம். கண் கூசும், ஆனால் ஒன்றும் விளங்காது. அந்த வெளிச்சத்தில் பூஞ்சணமும் தூசியும் ஒரே சாம்பல் நிறம். ஈரம் ஊறிய மரமும் காய்ந்த மரமும் ஒன்றுபோலத் தெரியும். போன வருடம் ஒரு வீட்டைப் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். கம்பளியை விரித்த பிறகுதான் மூலையில் இருந்த பெரிய சட்டம் கையால் பிய்க்கிற அளவுக்கு உக்கியிருந்தது தெரியவந்தது. மேலாளர் கிறேக் எல்லார் முன்னாலும் வைத்து, "உனக்குக் கண் பரிசோதனை செய்ய நேரம் வந்துவிட்டது" என்றான். நல்ல ரோச் வாங்கித் தாருங்கள் என்று அவள் கேட்டாள். மற்றவர்கள் இதை வைத்துத்தானே வேலை செய்கிறார்கள் என்றான்.

அன்றைக்குத்தான் அவள் தன்னுடைய ரோச்சைத் தானே திருத்துவது என்று முடிவெடுத்தாள்.

கெட்டியான அலுமினிய ரோச் ஒன்று அவளிடம் முன்பே இருந்தது. உடல் நல்லது, உள்ளே இருந்த எல்.ஈ.டிதான் மட்டம். எதை மாற்றிப் போடுவது என்று அவள் கிழமைக்கணக்காக வாசித்தாள், வீடியோ பார்த்தாள். கடைசியில் வாங்கியது ஆகக்கூடிய வெளிச்சம் தருகிற ஒன்றை அல்ல. நிறத்தை நிறமாகக் காட்டுகிற ஒன்றை வாங்கினாள். வெளிச்சம் சற்றுக் குறைவு, பின்னேர வெயில் மாதிரி இலேசான மஞ்சள். ஆனால் மண்ணிறம் மண்ணிறமாகவும் பச்சை பச்சையாகவும் தெரியும் என்று போட்டிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை குசினி மேசையில் பேப்பரை விரித்து ரோச்சின் தலையைக் கழற்றினாள். கண்ணாடியும் அதற்குக் கீழே வெள்ளிக் கிண்ணம் மாதிரி இருந்த பிரதிபலிப்பானும் வெளியே வந்தன. பழைய எல்.ஈ.டியின் இரண்டு வயர்களையும் சோல்டர் கோலால் சூடாக்கிப் பிடுங்கினாள். புதியது ஒரு சின்னச் செப்பு வில்லையில் ஒட்டியிருந்தது. சூடு ரோச்சின் உடலுக்குள் இறங்கினால்தான் எல்.ஈ.டி பிழைக்கும் என்பதால், வில்லைக்குக் கீழே சூடு கடத்துகிற பசையை மெல்லிசாகத் தடவினாள். சிவப்பு வயரை ஒரு பக்கம், கறுப்பு வயரை மறுபக்கம். ஈயம் உருகி மினுங்கிப் பிடித்தது. பிரதிபலிப்பானின் விளிம்பு ஈயத்தில் முட்டிவிடாமல் இடையில் ஒரு பிளாஸ்ரிக் வளையம். சுட்டுவிரல் நுனி ஒருமுறை வெந்தது. தண்ணீரில் பிடித்துவிட்டு வந்து மீண்டும் தொடங்கினாள்.

பழைய பற்றறியைப் போட்டு எரித்துப் பார்த்தபோது, எதிரே கூடையில் கிடந்த தக்காளிப்பழம் உண்மையான சிவப்பில் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவன் டெனுசன் எட்டிப் பார்த்தான். "வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. ஆனா புதுசா ஒண்டை வாங்கியிருக்கலாமே. உதை ஏன் சும்மா நோண்டுறீர்?"

"நோண்டேல்லை. திருத்தினனான்" என்றாள்.

பற்றறிதான் மிச்சம். புதிய எல்.ஈ.டி முழு வெளிச்சத்தில் எரியும்போது பழையதைப்போல இரண்டு மடங்கு கரண்டை இழுக்கும். பழைய பற்றறியால் அதைக் கொடுக்க ஏலாது. விரலைவிடக் கொஞ்சம் தடித்த அந்த லித்தியம் பற்றறிகளில் நூறு வகை இருந்தன. பெரிய பெரிய எண்களை அச்சடித்து விற்பவை வெறும் புளுகு, அந்த அளவான ஒரு பற்றறிக்குள் அவ்வளவு சக்தி அடங்கவே அடங்காது என்று அவள் தெரிந்து வைத்திருந்தாள். கூடிய கரண்டைத் தாங்கிக் கொடுக்கவேண்டும், சூடேறினாலோ பழுதானாலோ தானாக நிறுத்துகிற பாதுகாப்புத் தகடும் உள்ளே இருக்கவேண்டும். தகடு இருந்தால் பற்றறி சற்று நீளும் என்பதால் ரோச்சின் குழாயைக்கூட அளந்து பார்த்தாள். எந்தக் கொம்பனி, எந்த வகை என்று தெரிவு செய்த பிறகு, இணையத்தில் யாரோ முகம் தெரியாதவனிடம் வாங்கி ஏமாறுவானேன் என்று அண்ணனிடம் போனாள்.

அண்ணன் பெனடிக்ற் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் போன் திருத்துகிற கடை வைத்திருந்தான். சார்ஜர், வயர், பற்றறி எல்லாம் விற்பான். அவள் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாள். வேலைக்குக் கொண்டுபோகிற ரோச் என்பதையும் சொன்னாள். அவன் போனைக் காதில் வைத்தபடி ஒரு பற்றறியை எடுத்து நீட்டினான்.

"ஒறிஜினலோ அண்ணை?"

"உனக்கு நான் கள்ளச் சாமான் தருவனே?" என்றான்.

அந்தப் பற்றறிதான் சட்டனில் கூரைக்குள் அவளைக் கைவிட்டது. முதலில் வெளிச்சம் மங்கியது. கண்ணாடியில் தூசி படிந்துவிட்டது என்று நினைத்து விரலால் துடைத்தாள். துடைக்கும்போதே அணைந்துவிட்டது. ஒரு கால் சட்டத்தில், மறுகால் அரைகுறையில். பின்பொக்கற்றில் இருந்த போனை எடுக்கக் கையைத் திருப்பினாள். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் தொடைக்குத் தையல் போட்டு, ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் காலையிலேயே கிறேக் போன் பண்ணினான். கால் எப்படி என்று கேட்கவில்லை. "நீயாகப் பிரித்து ஒட்டிய ரோச்சை வேலைக்குக் கொண்டுபோனாயாமே. விசாரணை முடியும்வரை வரவேண்டாம்" என்றான்.

டெனுசன் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான் அப்பவே சொன்னனான்" என்றான்.

அண்ணனோடு இருக்கும் தாய் மரியநாயகி போனில் அழுதாள். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் பிள்ளை உந்த வயர் வேலையெல்லாம்? ஏதோ கர்த்தர் காப்பாத்தினார்."

பெனடிக்ற்றும் போன் பண்ணினான். "நீ பிளஸ்ஸையும் மைனஸையும் மாறி ஒட்டியிருப்பாய். உதெல்லாம் தெரிஞ்ச ஆக்கள் செய்யிற வேலை, கிளறிற்றா. இனியெண்டாலும் கையை வைச்சுக்கொண்டு சும்மா இரு."

எல்லாரும் பேசிவைத்தாற்போல ஒரே வாயால் சொன்னார்கள். கிளறிற்றா கட்டிலில் காலை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மாறி ஒட்டியிருந்தால் அது முதலில் எரிந்தேயிருக்காது. இந்தச் சின்ன விசயம்கூட இவர்களில் ஒருவருடைய மூளைக்கும் எட்டவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலில் போட்ட தையலைவிட அதுதான் சுட்டது.

நொண்டி நொண்டிக் குசினிக்குப் போய் ரோச்சைக் கழற்றினாள். ஈயம் அசையவில்லை. வயர்கள் போட்டது போட்டபடி இருந்தன. பழைய பற்றறியைப் போட்டாள். குறைந்த வெளிச்சத்தில் வைத்தபோது, அவள் சோறு வடித்து முடிக்கும்வரைக்கும் அசையாமல் எரிந்தது. அண்ணன் தந்ததைச் சார்ஜ் ஏற்றிப் போட்டாள். வெங்காயம் வெட்டி முடிவதற்குள் மங்கி அணைந்தது. வெளியே எடுத்தால் கையில் பிடிக்க ஏலாத சூடு.

அதே கொம்பனியின் அதே பற்றறியை, பற்றறி மட்டுமே விற்கிற ஒரு நம்பிக்கையான இடத்திலிருந்து எடுப்பித்தாள். வந்ததும் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே நிற உறை, ஒரே எழுத்து. கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். கேக் செய்ய மா நிறுக்கும் தராசில் வைத்தாள். அண்ணன் தந்தது மற்றதைவிடச் சில கிராம் பாரம் குறைவு. நகத்தால் அதன் உறையின் விளிம்பைக் கிளப்பி மெதுவாக உரித்தாள். உள்ளே பாதுகாப்புத் தகடு இல்லை, நீளத்தைச் சரிக்கட்ட அந்த இடத்தில் வெறும் உலோக வில்லை ஒன்று. இன்னொரு பழைய உறையின் கிழிசல் ஒட்டியிருந்தது. நுனியில் முன்பு எங்கேயோ பற்றவைத்துப் பிய்த்தெடுத்த புள்ளித் தழும்புகள். ஏதோ ஒரு பழைய லப்ரொப் கணினியின் குடலிலிருந்து உருவி, குளிக்க வார்த்துப் புதுச்சட்டை போட்டு விட்டிருக்கிறார்கள்.

டெனுசன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். புதிய பற்றறியில் ரோச் எரிந்துகொண்டே இருந்தது. அவன் அதை வாங்கிச் சுவரில் அடித்துப் பார்த்தான். பிறகு, "நான் பிழையாக் கதைச்சுப்போட்டன்" என்றான்.

"ஓம். பிழையாத்தான் கதைச்சனீங்கள்" என்றாள். அவனை இலேசில் விட அவளுக்கு மனமில்லை.

கடைக்கு அவள் தனியாகவே போனாள். பெனடிக்ற் யாருடையதோ போனின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தான். அவன் மனைவி பிறின்சி காசு மேசையில் நின்றாள்.

"கால் எப்பிடியடி?" என்று பெனடிக்ற் நிமிராமலே கேட்டான்.

கிளறிற்றா உரித்த பற்றறியை அவன் முன்னால் வைத்தாள். பக்கத்தில் நல்லதை வைத்தாள். அவன் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பிறின்சி பார்த்துவிட்டாள். அவளுக்கு வாய் தவறிவிட்டது.

"ஐயோ, அந்தப் பெட்டியிலயிருந்தே இவவுக்கும் குடுத்தனீங்கள்?"

கடைக்குள் போன் ஒன்று அடித்து ஓய்ந்தது.

"எந்தப் பெட்டி?" என்றாள் கிளறிற்றா.

"நீ சும்மா இரு" என்று பெனடிக்ற் மனைவியைப் பார்த்துச் சொன்னான்.

"எந்தப் பெட்டி அண்ணி?"

பிறின்சி கணவனைப் பார்க்கவில்லை. குனிந்து மேசைக்குக் கீழே கையைக் காட்டினாள். "மேல தட்டில இருக்கிறது விசயம் தெரிஞ்ச ஆக்களுக்கு. கீழ பெட்டியில இருக்கிறது தெரியாத ஆக்களுக்கு."

கிளறிற்றா குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்தாள். அண்ணனையும் யாரோ ஏமாற்றியிருப்பார்கள் என்றுதான் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தாள். அப்படி இருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த வியாபாரியைத் திட்டலாம் என்றுகூட நினைத்திருந்தாள்.

"நான் கேட்டனான் அண்ணை. ஒறிஜினலோ எண்டு உங்கட முகத்தைப் பாத்துக் கேட்டனான்."

"கத்தாதை. கஸ்ரமர் வருவினம்."

"வரட்டும்! நான் உங்கட கூடப்பிறந்தவள். எனக்கே தலையில கட்டியிருக்கிறியள்!"

"எடியே, நீ அதைப் போட்டு வீட்டில வைச்சு விளையாடுவாய் எண்டு நினைச்சன். ரெண்டு நாளில அலுத்துப்போய் மேசை லாச்சிக்குள்ள எறிவாய். அதுக்கு ஏன் நல்ல சாமானை வீணாக்குவான்? கூரைக்குள்ள கொண்டுபோவாய் எண்டு ஆர் கண்டது?"

"வேலைக்கு எண்டு சொன்னனான்."

"சொன்னனியோ தெரியாது. நான் போனில நிண்டனான்."

"சரி, அப்ப காதில விழேல்லை. கால் கிழிஞ்சு கிடக்கேக்கை போன் எடுத்து நான் வயரை மாறி ஒட்டினனான் எண்டு சொன்னனீங்களே, அப்ப உங்களுக்குத் தெரியுந்தானே? என்ன பற்றறி தந்தனீங்கள் எண்டு தெரிஞ்சுகொண்டுதானே சொன்னனீங்கள்?"

பெனடிக்ற் கையிலிருந்த சின்ன ஸ்குறூ டிரைவரை மேசையில் வைத்தான், திரும்ப எடுத்தான்.

"எல்லாரும் என்னைப் பேசினவை. நீங்களும் சேந்து நிண்டு பேசினனீங்கள்" என்றபோது அவளுடைய குரல் உடைந்தது. அதுவும் அவளுக்குக் கோபமாக இருந்தது. இவன் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, சரி. பெட்டியை எறிஞ்சு விடுறன். இப்ப போ" என்றான் பெனடிக்ற்.

அவள் அதை நம்பிப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பற்றறிகளையும் ரோச்சையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். கிறேக் பேசத் தொடங்கமுன்னரே, பாதுகாப்புக்குப் பொறுப்பான பெண்ணுக்கு முன்னால் இரண்டையும் மாறி மாறிப் போட்டு எரித்துக் காட்டினாள். பிறகு நிறுவனத்தின் நீல வெளிச்சத்தையும் தன்னுடைய வெளிச்சத்தையும் ஓர் உக்கல் பலகைத் துண்டில் அடித்துக் காட்டினாள். கிறேக்கின் முகம் போன போக்கைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. "எப்படியென்றாலும் மாற்று ரோச் ஒன்றையும் கொண்டுபோயிருக்கவேண்டும்" என்றான். அது உண்மை. அவள் மறுக்கவில்லை. தலையில் மாட்டுகிற இன்னொரு விளக்கும் இருந்தால் அவளுடைய ரோச்சைப் பாவிக்கலாம் என்று அந்தப் பெண் தீர்ப்புச் சொன்னாள்.

வேலை திரும்பக் கிடைத்தது. விசயம் அதோடு முடிந்திருக்கலாம்.

தையல் பிரித்த பிறகு, மீன் வாங்க ஈஸ்ட் ஹாமுக்குப் போனவள் திரும்பும்போது அண்ணனின் கடையைக் கடந்து நடந்தாள். கண்ணாடிக்குள்ளால் பார்த்தபோது, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பெரிய சதுரப் பையை முதுகில் மாட்டிய ஒரு இளைஞன் மேசையில் தன் சைக்கிள் விளக்கை வைத்துக்கொண்டு நின்றான். பிறின்சி பக்கத்தில் பார்த்துக்கொண்டு நிற்க, பெனடிக்ற் மேசைக்குக் கீழே குனிந்து அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தான்.

கிளறிற்றா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "அதை வாங்காதே" என்று அந்தப் பையனிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "அது போலி. நடுத்தெருவில் அணைந்துவிடும். இங்கே பார்." காற்சட்டையை முழங்காலுக்கு மேலே இழுத்து, தழும்பின் கீழ்நுனியைக் காட்டினாள். அவன் அவளையும் பெனடிக்ற்றையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு விளக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

பெனடிக்ற் மேசையைச் சுற்றிக்கொண்டு பாய்ந்து வந்தான். "என்ர கடைக்குள்ள வந்து என்ர வயித்திலயே அடிக்கிறியோ? வெளிய போ!"

"எறியிறன் எண்டு சொன்னனீங்கள்."

"எறிவன், எறியமாட்டன். அது என்ர சாமான்! இந்த ரோட்டில ஆர் விக்கேல்லை? ஆருக்காவது ஏதாவது நடந்ததோ?"

"எனக்கு நடந்தது!"

அவள் கத்திய சத்தத்தில் பக்கத்துச் சாறிக்கடையின் வாசலில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு நடந்தது அண்ணை. அது உங்களுக்குக் கணக்கில இல்லை. அந்தப் பெடியன் பஸ்ஸுக்குக் கீழ போனாலும் கணக்கில வராது. நான் கவுன்சிலுக்குச் சொல்லப்போறன்."

"சொல்லன் பாப்பம்" என்றான். அவள் சொல்லமாட்டாள் என்று அவன் முழுதாக நம்பினான். அது அவன் நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. அந்த நம்பிக்கைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்து மீன்பையை நிலத்தில் வைத்துவிட்டு நடைபாதையில் நின்றபடியே நகரசபைக்குப் போன் பண்ணினாள். கடையின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். விற்பவரை உங்களுக்குத் தெரியுமா என்று மறுமுனையில் கேட்டார்கள்.

"தெரியும். என்னுடைய அண்ணன்" என்றாள்.

ஆட்கள் வந்து மேசைக்குக் கீழே இருந்த பெட்டியை எடுத்துப் போனார்கள். வழக்கு வருமா எச்சரிக்கையோடு போகுமா என்று இன்னும் தெரியவில்லை. மரியநாயகி போன் பண்ணினாள். இந்த முறை அழவில்லை.

"கூடப்பிறந்தவனைக் காட்டிக் குடுத்திட்டாய்" என்றாள்.

அந்தச் சொல்லைத் தாய் தெரியாமல் சொல்லவில்லை. அவர்கள் விட்டுவந்த ஊரில் யுத்த நாட்களில் அந்தச் சொல் விழுந்த ஆளுக்கு உயிர்தான் விலை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"அம்மா, நான் முழுசா கீழ விழுந்து செத்திருந்தா?"

"சாகேல்லைத்தானே."

அதற்குப் பிறகு கிளறிற்றா போனை வைத்துவிட்டாள். டெனுசன் என்ன என்று கேட்டான். அவள் குசினித் தொட்டியில் கிடந்த சட்டி முழுவதையும் தேய்த்தாள், ஏற்கெனவே கழுவி வைத்திருந்ததையும் எடுத்துத் தேய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்குப் போகவேண்டாம், கொஞ்ச நாள் ஆறட்டும் என்று டெனுசன் சொன்னான்.

"நான் ஏன் ஒளிக்கவேணும்? பெட்டி வைச்சிருந்தது நானோ?" என்று கேட்டுவிட்டுப் புறப்பட்டாள்.

கோவிலில் எப்போதும் தங்கள் குடும்பம் உட்காருகிற மர வாங்கில் போய் இருந்தாள். பெனடிக்ற் வந்தான். அவளைக் கண்டதும் தாயின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அடுத்த பக்கத்து வாங்குக்குப் போனான். மரியநாயகி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், ஆனால் போனாள். முன்னும் பின்னும் இருந்தவர்கள் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். கிளறிற்றா நேரே பீடத்தைப் பார்த்தபடி இருந்தாள். முழங்காலிடும்போது தொடை இழுத்தது.

பிறின்சி பிள்ளைகளோடு பிந்தி வந்தாள். நடுவழியில் நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். பெனடிக்ற் கையை அசைத்துக் கூப்பிட்டான். அவள் பிள்ளைகளை மட்டும் அவனிடம் அனுப்பிவிட்டு, வந்து கிளறிற்றாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

காணிக்கைப் பாட்டின் சத்தத்துக்குள் வாயைக் குவித்துச் சொன்னாள். "ஸ்ரோர் ரூமில இன்னும் ரெண்டு பெட்டி இருந்தது. வந்த ஆக்கள் அதைக் காணேல்லை. நேற்று நான் காரில ஏத்திக்கொண்டுபோய்க் கவுன்சில்காரரிட்டயே குடுத்திட்டன்."

கிளறிற்றா திரும்பிப் பார்த்தாள். "அண்ணைக்குத் தெரியுமோ?"

"இன்னும் இல்லை."

"தெரிஞ்சா?"

"தெரியட்டும்" என்றாள் பிறின்சி. அவளுடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "உனக்கு நடந்ததுக்குப் பிறகும் அந்தப் பெடியனுக்கு விக்க எடுத்தவர். நானும் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

எல்லாரும் எழும்பினார்கள். அவர்களும் எழும்பினார்கள்.